வெயிலில் விற்ற வீடு

வீடு விற்க எந்த மாதம் நல்லது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வருஷக் கடைசியில், எல்லார் கையிலும் நாலு காசு புரளும்போது என்பார் ஒருவர். முதல் மழை பெய்து தூசி அடங்கி, வாசல் மரம் பச்சையாகத் தெரியும்போது என்பார் இன்னொருவர். எங்கள் அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், பார்க்க வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகும் மாதங்களில்தான் வீட்டை விற்றார்.

அண்ணிக்கு ஒரு பேக்கரியில் வேலை. பிரெட்டை வெட்டி உறையில் போட வேண்டும். விடியும் முன்னே போனால் மத்தியானம் திரும்புவார். முடியை மூடிக் கட்டும் வெள்ளைத் துணித் தொப்பியைக் கழற்ற மறந்து, அப்படியே தெருவோடு நடந்து வருவார். தெருப் பிள்ளைகள் 'பன்னம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னடா வேணும் என்று கேட்டுவிட்டு நடப்பார்.

அண்ணன் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, ஒரு வருஷத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. நான் அவருக்குத் தங்கை. தையல் கடையிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பொத்தான் தைப்பேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அக்கம்பக்கத்தார் ரொம்ப நாள் ஆசையோடு காத்திருந்தார்கள். பாவம், அவர்களை ஏமாற்றிவிட்டோம்.

அண்ணனுக்குக் கண் போன பிறகு, வீட்டை அவருக்கு ஏற்றபடி அடுக்கியது அண்ணிதான். முன்னறையில் நுழைந்ததும் இடது கைக்கு மேசை தட்டுப்படும். மேசை முடிகிற இடத்தில் நாற்காலி. அங்கிருந்து கையை நீட்டினால் கட்டில். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டே போனால் சமையலறை வரும். எங்கள் வீட்டில் கதவு முழுக்கத் திறந்திருக்கும், இல்லாவிட்டால் முழுக்கச் சாத்தியிருக்கும். பாதித் திறந்த கதவு அண்ணனின் நெற்றியைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கும் என்பார் அண்ணி. விருந்தாளி யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும்.

தெருவை அண்ணன் காதால் படித்து வைத்திருந்தார். மருந்துக் கடையின் பழைய மின்விசிறி கடகடக்கும். அதைத் தாண்டினால் தையல் மிஷின் ஓடும். பிறகு சட்டென்று சத்தமெல்லாம் விரிந்து போகும். அது சந்து பிரிகிற இடம். அதைக் கடந்தால் டீக்கடையின் கண்ணாடி டம்ளர்கள். தினமும் சாயங்காலம் யார் துணையும் இல்லாமல் போய் ஒரு டீ குடித்து, பழைய பட்டறைக்காரர்களோடு அரட்டை அடித்துவிட்டுத் திரும்புவார். வீட்டுக்கு வெளியே அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

எதிர்க் கிடங்கைத் தகரப் பட்டறைக்காரர்கள் எடுத்தார்கள். கூரைத் தகடு, தண்ணீர்த் தொட்டி, கடை ஷட்டர் எல்லாம் செய்தார்கள். காலையில் சுத்தியலை எடுத்தால் சாயங்காலம் வரை கீழே வைக்க மாட்டார்கள். போதாததற்குத் தகடு ஏற்ற லாரி வேறு. அந்தச் சத்தத்தில் விசிறியும் இல்லை, மிஷினும் இல்லை. ஒரு நாள் அண்ணன் தெரு நடுவில் நின்றுவிட்டார். லாரிக்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்து வீட்டில் விட்டுப் போனார். மறுநாளிலிருந்து அண்ணன் டீக்கடைக்குப் போகவில்லை.

"அவன் கடை டீ வர வர சகிக்கல" என்றார்.

அண்ணி உறை போட்டுத் தடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரமே வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. பேக்கரியில் அடுப்பு பார்க்கும் பெரியவருக்குப் பக்கத்து வட்டாரத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. முட்டுச்சந்து. சைக்கிளைத் தவிர எதுவும் நுழையாது. அவர் மகனோடு போய் இருக்கப் போகிறார், வீட்டை விற்க வேண்டும். எங்கள் வீடு விலைபோனால் அதை வாங்கிக்கொள்கிறோம், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அண்ணி கேட்டார். ஒரு வருஷம் பொறுக்கிறேன், அதற்கு மேல் மகன் விடமாட்டான் என்றார் பெரியவர்.

விற்கிற பொறுப்பை அண்ணியின் தம்பி எடுத்துக்கொண்டார். மின்விசிறிக் கடையில் அவர் விற்பனையாளர். ஓடாத விசிறியைக் காட்டி, காற்று எப்படி வருது பாருங்க என்று கேட்கக்கூடியவர் என்பது அண்ணன் அவரைச் செய்யும் கேலி. வீட்டு புரோக்கர் ஒருவரையும் அழைத்து வந்தார். அவர் இடுப்பில் ஊர் வீட்டுச் சாவியெல்லாம் தொங்கும். நாங்கள் அவரைச் சாவிக்கொத்து என்போம்.

தம்பி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கூரை மாற்றுகிறவர்கள் எல்லாரும் மழைக்கு முன்னால் வெயில் காலத்திலேயே மாற்றிவிடுவார்கள். மழை விழுந்த பிறகு யார் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள்? அதனால் மழைக்காலம் முழுக்கத் தகரப் பட்டறையில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் வந்து பார்க்கிறவர்களுக்கு இந்தத் தெருவில் சத்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெருவைக் கழுவி விட்ட மாதிரி இருக்கும், விலையும் கூடக் கிடைக்கும் என்றார். சாவிக்கொத்தும் தலையை ஆட்டினார். அண்ணி, பார்க்கலாம் என்றார். அவர் சரி என்றால் சரி என்றுதான் சொல்வார். பார்க்கலாம் என்றால் மனம் அரைகுறையாக இருக்கிறது என்று பொருள். தம்பி அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

மழையும் வந்தது. எதிர்ப் பட்டறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் வீடு பார்க்க வரப்போவதாகச் சொல்லி அனுப்பியது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும், தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்குங்கள் என்று சாவிக்கொத்து யோசனை சொல்லியிருக்கிறார். அண்ணி பேக்கரியில், நான் தையல் கடையில், அண்ணன் உள்ளறையில் தூக்கத்தில். தம்பியும் சாவிக்கொத்துமாகச் சேர்ந்து மேசையைப் பின்கட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். நாற்காலி பரணில் ஏறியது. கட்டில் ஜன்னல் பக்கம் போனது. பிறகு மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ள மேலே போய்விட்டார்கள்.

நான் நனைந்துகொண்டு வந்து கதவைத் திறந்தபோது, அண்ணன் முன்னறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் காதுக்குத் தெரியவில்லை. எத்தனை நேரமாக அப்படி நின்றாரோ.

"பாப்பா, நான் எங்க இருக்கேன்?" என்றார்.

நம் வீட்டில்தான் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கையைப் பிடித்துச் சுவரில் கொண்டு போய் வைத்தேன். சுவரைத் தடவிப் பார்த்து, ஆணி அடித்த இடம் விரலில் பட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

சிறிது நேரத்தில் அண்ணி வந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரத் தொப்பியோடு பின்கட்டுக்குப் போய் மேசையை அவரே இழுத்து வந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பி ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். அண்ணி சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்லாம் பழைய இடத்துக்கு வந்த பின், அண்ணி கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"வெயில் வரட்டும் தம்பி. வெயில்ல விப்போம்."

"வெயில் காலத்துல எதிர்ல கச்சேரி நடக்குமே அக்கா. யாரு வாங்குவா?"

"கச்சேரி பிடிச்சவங்க வாங்குவாங்க."

"விளையாடாதக்கா. இப்ப வித்துட்டு, வெயில் வந்ததும் குடி மாறிக்க. ரெண்டும் நடக்கும்ல?"

"இடையில மழை நின்னு எதிர்ப் பட்டறைக்காரன் சுத்தியல எடுப்பான். வாங்கினவங்க வந்து என் வாசல்ல நிப்பாங்க. நான் உங்க மாமாவுக்குப் புது வீட்டுல வழி சொல்லிக் குடுப்பேனா, அவங்களுக்குப் பதில் சொல்லிட்டிருப்பேனா? மழையில அவரால சொந்த வீட்டுலயே நிக்க முடியல, பாத்தியா. அடுத்த மழைக்கு முன்னாடி அவரு அந்த முட்டுச்சந்தைக் காதுல ஏத்திக்கணும். ஒரு வெயில் முழுசா வேணும்."

தம்பி எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவிருந்த குடும்பத்துக்கு, வீடு இப்போது விற்பனைக்கு இல்லை என்று ஆள் போனது. அண்ணிக்கு மண்டை குழம்பிப்போய்விட்டது என்று தம்பி உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்களில் இரண்டு பேர் அதைப் பார்க்கவே வந்தார்கள். அண்ணி காபி கொடுத்து அனுப்பினார்.

வெயில் வந்தது. பட்டறை மூச்சு விடாமல் அடித்தது. ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று வந்தது; அந்த அம்மாள் வாசல்படியில் வைத்த காலை அப்படியே எடுத்துவிட்டார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. சமையலறை சின்னது என்று அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. ரொம்பப் பிடிச்சிருக்கு என்று அவன் கத்தினான். போகும்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாவிக்கொத்து எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டுவதை நிறுத்தினார். நாள் போய்க்கொண்டே இருந்தது. பேக்கரிப் பெரியவரை அவர் மகன் அவசரப்படுத்த ஆரம்பித்தான். பெரியவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்கிறாராம். அண்ணி வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று சாப்பிடவில்லை.

அண்ணன் ஒரு நாள் என்னிடம், இந்த வீடே போதும் என்று அண்ணியிடம் சொல்லிவிடேன் என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லவில்லை. எதிரே சுத்தியல் விழ விழ, அவர் தலை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனதைப் பார்த்துக்கொண்டு பொத்தான் தைத்தேன்.

அப்போதுதான் நெசவு ஆலையில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் புருஷனோடு வந்தார். அன்று அதிசயமாகப் பட்டறை அமைதியாக இருந்தது. உச்சி வெயில் நேரம். ஒரு சுத்தியல் சத்தம் இல்லை. அந்தப் பெண்மணி அறை அறையாகப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. புருஷன் அட்வான்ஸ் பற்றிப் பேச்செடுத்தார். தம்பி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அண்ணி மட்டும் ஜன்னல் வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பட்டறைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. அது தம்பி கடைப் பக்கத்தில் விற்கிற டப்பா.

அண்ணி அவர்களிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என்ன நடக்கப் போகிறது என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அக்கா, அக்கா என்று வாசல் வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டார். அண்ணி தெருவைக் கடந்து போய்ப் பட்டறை வாசலில் நின்று பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"வேலையப் பாருங்க தம்பிங்களா. டீ குடிச்சாச்சுல்ல?"

"உங்க தம்பிதான் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னாருக்கா."

"அவன் சொன்னான். வீடு என்னுது. நல்லா அடிங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சுத்தியலை எடுத்தார்கள். இத்தனை நேரம் சும்மா இருந்ததற்கும் சேர்த்து அடித்தார்கள் போலிருக்கிறது. பாத்திரம் வைத்த பலகை அதிர்ந்தது. அண்ணி திரும்பி வந்து, அந்தப் பெண்மணியின் காதருகே குனிந்து, வெயில் காலம் முழுக்க இப்படித்தான், மழையில் மட்டும்தான் ஓய்வு என்று உரக்கச் சொன்னார். தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணி காதைப் பொத்தவில்லை. கொஞ்ச நேரம் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சாயங்காலம் அடிப்பாங்களா?"

"விளக்கு வைக்கிறதுக்குள்ள நிறுத்திருவாங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்குக் கடையே திறக்க மாட்டாங்க."

"நாங்க ரெண்டு பேரும் காலையில தறிக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவோம். பிள்ளைங்க பள்ளிக்கூடம். பகல்ல இந்த வீட்டுல பல்லிதான் இருக்கும்." புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "தறிச் சத்தத்துல இருந்து வர்ற நமக்கு இதெல்லாம் தாலாட்டுங்க."

அதற்காக அவர் விலையைக் குறைத்துக் கேட்காமல் விடவில்லை. சத்தத்தைக் காரணம் காட்டித் தாராளமாகவே குறைத்தார். அண்ணி பேரம் பேசவில்லை. தலையை ஆட்டினார். எங்களுக்குப் புது வீடு வாங்கியது போக மிச்சம் என்று பெரிதாக எதுவும் இருக்காது என்று எல்லாருக்கும் புரிந்தது. தம்பி அன்று எங்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார். அக்கா மாதிரி ஒரு விற்பனையாள் இருந்தால் எங்கள் முதலாளி கடையை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார் என்று வாசலில் நின்று சொன்னார். அதற்கு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வருஷம் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

குடி போவதற்கு முன், அண்ணி பேக்கரியிலிருந்து தினமும் நேரம் கழித்து வர ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், வேலை என்பார். ஒரு நாள், பெரியவர் கொடுத்திருந்த புது வீட்டுச் சாவியை அண்ணி மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று, நான் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவரிடம் இன்னொரு சாவி இருந்திருக்க வேண்டும், கதவு திறந்தே கிடந்தது. பெரியவர் சாமான்களைக் காலி செய்துவிட்டிருந்தார். வெறும் வீட்டில் அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தார். நிலைப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, ஸ்ஸ் என்றார். கண்ணைத் திறக்கவில்லை. திரும்பவும் வாசலுக்குப் போய் முதலிலிருந்து நடந்தார். நான் சாவியைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் தச்சர் ஒருவர் வந்து அந்த நிலைப்படியைச் செதுக்கித் தாழ்த்திக்கொண்டிருந்ததாகப் பேக்கரியில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் புது வீட்டுக்குள் கால் வைத்தபோது, மேசை இடது கைக்குத் தட்டுப்பட்டது. மேசை முடிகிற இடத்தில் நாற்காலி. கையை நீட்டினார், கட்டில் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, சமையல்கட்டு மட்டும் எதிர்ப்பக்கம் போயிட்டது போலிருக்கே என்றார். ஆமாங்க, அதை என்னால நகர்த்த முடியல என்றார் அண்ணி.

வீட்டை அவர் சில நாட்களில் பழகிக்கொண்டார். சந்துதான் சிரமமாக இருந்தது. முதலில் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு அண்ணி தோளைக் கொடுக்கவில்லை, பக்கத்தில் நடந்தார். சந்து முனையில் பஞ்சர் கடை. காற்றடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அது வலது காதுக்கு வந்தால் திரும்ப வேண்டும். அடுத்து மாவு மில்லின் பெல்ட் சத்தம், அதை ஒட்டி டீக்கடை. தப்பாகத் திரும்பினால் அண்ணி சொல்ல மாட்டார். அவரே நின்று, கேட்டு, திரும்பி வரும்வரை காத்திருப்பார். பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சுக்காரி போலத் தெரிந்திருக்கும். மாவு மில் அம்மாள் ஒருத்தி அப்படியே கேட்டும்விட்டாள்.

ஒரு நாள் இனிமேல் தனியாகப் போகிறேன் என்றார் அண்ணன். சரி என்றார் அண்ணி. அவர் படியிறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலடி கேட்காமல் பின்னாலேயே போனார். சுடுகிற தரையில் வெறுங்காலோடு, வெள்ளைத் தொப்பியோடு. இப்படிப் பல நாள் நடந்தது. ஒரு சாயங்காலம் நானும் மில்லில் மாவு அரைக்கப் போயிருந்தேன். அண்ணன் டீக்கடைப் பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார்.

"ஒரு டீ போடுப்பா. பின்னாடி பேக்கரி வாசனை வந்து நிக்குது பாரு, அதுக்கும் ஒண்ணு போடு."

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து டீ குடித்தார். மறுநாளிலிருந்து பின்னால் போகவில்லை.

அந்த வெயில் முடிந்தது. ஒரு சாயங்காலம், அண்ணன் டீக்கடைக்குப் போன பிறகு, வானம் கறுத்து எடுத்த எடுப்பிலேயே கொட்ட ஆரம்பித்தது. பழைய தெருவில் முன்னறை நடுவே அவர் நின்ற நிலையைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். குடையை எடுத்தேன். அண்ணி என் கையிலிருந்து அதை வாங்கினார். அவரே போகப் போகிறார் என்று நினைத்தேன். வாசல்படி வரை போனார். அங்கேயே நின்றார். குடையை விரிக்கவில்லை.

காற்றடிக்கும் மிஷின் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்காது. நேரம் போனது. போய்ப் பார்க்கலாமே அண்ணி என்றேன்.

"இன்னைக்குப் போனா எல்லா மழைக்கும் போகணும் பாப்பா."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குடையின் கைப்பிடியை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

சந்து முனையில் அண்ணன் தெரிந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கை சுவரில் இருந்தது. சுவர் முடிகிற இடத்தில் நின்று, காலால் தரையைத் தடவி, அடுத்த சுவரைத் தேடிப் பிடித்தார். ஓரிடத்தில் எதிலோ மோதித் தடுமாறினார். அண்ணியின் கால் ஒரு படி இறங்கியது. இறங்கிய கால் அங்கேயே நின்றது. அண்ணன் மோதியதைத் தடவிப் பார்த்து, சுற்றிக்கொண்டு, மறுபடியும் சுவரைப் பிடித்தார். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். பிறகு நின்றார். திரும்பி வந்து, படியில் கால் வைத்து ஏறினார். அண்ணி மூச்சு விடாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

மேசையைத் தொட்டுக்கொண்டு நின்ற அண்ணன், துண்டைக் கொடு என்று கேட்டார். அண்ணி கொடுத்தார். தலையைத் துவட்டியபடியே குறை சொல்ல ஆரம்பித்தார்.

"மூணாவது வீட்டுக்காரன் சுவரை ஒட்டி சைக்கிளை நிறுத்தியிருக்கான். என்ன மனுஷனோ. நாளைக்குப் போய்ச் சொல்லி வை."

நாளை வரை அண்ணி பொறுக்கவில்லை. குடையை மேசை மேல் வைத்துவிட்டு, அந்தக் கொட்டுகிற மழையிலேயே மூன்றாவது வீட்டுக்கு இறங்கி நடந்தார்.